மரைப் பங்கு

பங்கு இறைச்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டை அடிக்க முன்னமே பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் பெயர் கொடுத்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் ஆடு இறைச்சியாகி, சரிசமமான குவியல்களாகப் பிரியும். ஒவ்வொரு குவியலிலும் தசை, எலும்பு, ஈரலில் ஒரு துண்டு என்று ஒருவரும் முகம் சுளிக்க முடியாதபடி எல்லாம் இருக்கும். மெல்பேர்னுக்கு வந்தும் நாங்கள் இதை விடவில்லை. ட்ருகனினாவில் எங்கள் வீட்டுக் கராஜில்தான் மாதம் ஒருமுறை பங்கு நடக்கும். அதற்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. குழுவுக்குத் தலைவர் என் மனுசன் நித்தியானந்தன். வேறு எந்தச் சங்கத்திலும் அவருக்குத் தலைவர் பதவி கிடைக்காதபடியால் இதை உயிரே போனாலும் விடமாட்டார்.

இந்த ஆட்டுப் பங்கில் ஒரு வசதி உண்டு. ஆடு கட்டி நிற்கும். பெயர் கொடுத்த பிறகு எழும்பி ஓடிவிடாது. இந்தச் சின்ன விசயம் என் மனுசனுக்கு மறந்துபோனதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஒரே மகள் வினுஷாவுக்கு இருபத்து நாலு வயது. பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தாள். படிப்போடு சேர்த்து அங்கே வில் விடவும் பழகியிருக்கிறாள் என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கிழமை நாட்களில் ஊராரின் தோள்மூட்டுகளைச் சரிசெய்வாள். சனி ஞாயிறில் தன் தோள்மூட்டைக் கெடுத்துக்கொள்வாள். அவளுடையது சில்லும் கம்பியும் குறிபார்க்கிற கண்ணாடியும் பூட்டிய புது மாதிரி வில் அல்ல. வளைந்த மரம் ஒன்று, நாண் ஒன்று, அவ்வளவுதான். ஐம்பது இறாத்தல் இழுவை என்றாள். நானும் ஒருநாள் இழுத்துப் பார்த்தேன். நாண் அசையவில்லை, என் கழுத்துத்தான் இரண்டு நாள் பிடித்துக்கொண்டது.

வேலோடு நிற்கிற முருகனுக்குத் தேங்காய் உடைக்கிற சனம், என் பிள்ளை வில்லோடு நிற்கிறாள் என்றதும் வாயில் கை வைத்தது. கலியாணம் பேசுகிற வயதில் இதென்ன வேலை என்று கோயிலில் வைத்தே பெண்கள் கேட்டார்கள். முருகன் காடு மேடெல்லாம் தேடிப்போய்க் கட்டினது வேடர் வீட்டுப் பெண்ணைத்தானே என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்னோடு கொஞ்சக்காலம் கதைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

வினுஷா தேடிப்போவது மரை. இங்கத்தையவர்கள் சாம்பார் மான் என்பார்கள். எங்கள் சாம்பாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மரைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் உண்டு. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து விக்டோரியா மலைக்காட்டில் விட்டதுகள். வந்து நூற்றைம்பது வருசத்துக்கு மேலாகியும் இன்னும் அதுகளை வெளியிலிருந்து வந்ததுகள் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்கு எப்போது விடிவு என்று நான் யோசிப்பதுண்டு.

இதுவரை நாலு தடவை போய் நாலு தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினாள். மரையைக் காணாமல் இல்லை, கண்டவள்தான். ஆனால் எங்கள் வாசற்படியிலிருந்து தெருவோரத் தபால் பெட்டி வரைக்கும் எவ்வளவு தூரமோ, அந்தத் தூரத்துக்குள் மரை வந்தால்தான் அம்பு விடுவாளாம். அது அவள் தனக்குத் தானே போட்ட சட்டம்.

"தூரத்தில நிண்டு விட்டா எங்கயாவது பட்டு, காயத்தோட ஓடும் அம்மா. எங்கயோ போய்க் கிடந்து சாகும். ஒரு அம்பு, கிளீனாப் போகோணும். இல்லாட்டி விடவே கூடாது" என்றாள்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தகப்பனுக்குப் படவில்லை.

"கண்டுபோட்டும் சும்மா வந்தனியோ? அப்ப என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு பெற்றோல் எரிச்சுக்கொண்டு போறாய்?" என்றார்.

அவள் வில்லை எடுத்து உறையில் போட்டாள். பிறகு குசினியில் என்னிடம் சொன்னாள். "அப்பாவுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் அம்மா. ஒண்டு கிடைச்சால்தான் என்னை நம்புவார்."

ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில்தான் வினை தொடங்கியது. சிறி அண்ணை என்று ஒருவர், என் மனுசனின் முப்பது வருசச் சிநேகிதர். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதுதான் அந்த முப்பது வருசச் சிநேகிதம். அவர் கட்லட்டைக் கடித்துக்கொண்டே சத்தமாகக் கேட்டார்.

"என்ன நித்தி, உன்ர மகள் வில்லோட போறாள், வில்லோடயே வாறாள். மரையளுக்குக் காவல் நிக்கப் போறவளோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனுசனுக்கு முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார்.

"வாற ஞாயிறு மரைப் பங்கு! வேணுமெண்டிறாக்கள் பேர் குடுங்கோ" என்றார்.

கேக் வெட்டுவதற்குள் பன்னிரண்டு வீடு பெயர் கொடுத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பழனிசாமி தம்பி, "எனக்கு ரெண்டு பங்கு போட்டுருங்கண்ணே, மச்சான் சிட்னியிலிருந்து வர்றாரு" என்றார். எல்லாம் சரி, மரை ஒன்றிடம்தான் ஒருவரும் கேட்கவில்லை.

காரில் வரும்போது நான் கேட்டேன். "என்னப்பா, பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"என்ர மகள்தானே. இந்தமுறை அடிப்பாள்" என்றார். அவர் குரலில் அந்த நம்பிக்கை இருந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

விசயத்தைக் கேட்டதும் வினுஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, காடு சுப்பர்மார்க்கெட் இல்ல. போனாக் கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. மெசேஜ் போட்டு கான்சல் பண்ணுங்கோ." அவர் தலையை ஆட்டினார். மெசேஜ் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வில் கிளப்பில் பழக்கமான பெக் என்ற நேர்ஸ் பெண்ணின் வாகனத்தில் இருவரும் புறப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். மரக்கறிச் சாப்பாட்டோடு வேட்டைக்குப் போன பெண் அன்றைக்கு விக்டோரியாவிலேயே என் மகள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

அவர்கள் போகிற மலையில் போன் வேலை செய்யாது. சனிக்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. பின்னேரம் என் மனுசன் எங்கோ போய்விட்டு இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். குசினி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் தட்டுகளில் அளவெடுத்து வெட்டிய சிவப்பு இறைச்சி. பண்ணையில் தீன் போட்டு வளர்த்த மான். அது மரைகூட இல்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இதென்ன கூத்து? பிள்ளை இன்னும் வரேல்லை, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

"அவள் நாலு முறை வெறுங்கையோட வந்தவள், யோகா. நாளைக்கும் அப்பிடித்தான் வருவாள். பன்னிரண்டு வீடு காத்துக்கொண்டு நிக்குது. சிறி நிக்கிறான்."

"அண்டைக்கு அடிப்பாள் எண்டு சொன்னியளே?"

"அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது" என்றார்.

எனக்கு அந்தப் பெட்டிகளைவிட இந்தச் சொல்தான் சுட்டது. பிள்ளை மலையில் குளிரில் கிடக்கிறாள். தகப்பன் இங்கே அவள் தோற்றுவிட்டாள் என்று தீர்ப்பெழுதி, சாமானும் வாங்கி வந்துவிட்டார். எரிந்து விழுந்தேன், கதவை அடித்துச் சாத்தினேன். ஆனால் பெட்டிகளைத் தூக்கி வெளியே எறியவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கு முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை.

அவர் ஒன்றை மறக்கவில்லை. பங்கு என்றால் ஈரல் இருக்க வேண்டும். மான் ஈரல் கடையில் இல்லையாம், ஆட்டு ஈரல் வாங்கி வந்திருந்தார்.

ஞாயிறு காலையில் கராஜில் பொலித்தீன் விரித்துக் குவியல் வைத்தார்கள். சனம் சேர்ந்தது. என் மனுசன் நடுவில் நின்று வேட்டைக் கதை சொன்னார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் நின்ற மரையாம், ஒரே அம்பாம், நெஞ்சிலேயாம். நாலு தடவை என் பிள்ளை விடாமல் வைத்திருந்த அம்பை இந்த மனுசன் வாயாலேயே விட்டுவிட்டார்.

"எங்க வினுஷா?" என்று யாரோ கேட்டார்கள்.

"விடியத்தான் வந்தவள். களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாள், எழுப்பாதேங்கோ."

எல்லோரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மலையில் இருக்கிற பிள்ளையின் நித்திரை குழம்பக்கூடாது என்று கராஜில் பெரிய மனுசரெல்லாம் குசுகுசுத்துக்கொண்டு நின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சிறி அண்ணை ஈரல் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நித்தி, இது ஆட்டு ஈரல் மாதிரியெல்லோ கிடக்கு."

"நீ எத்தினை மரை ஈரல் கண்டனி?" என்று என் மனுசன் பாய்ந்தார். சிறி அண்ணை ஈரலைத் திரும்பக் குவியலில் வைத்தார். ஆனால் போகும்போது எலும்பு எங்கே என்று கேட்டார். பாரம் என்று காட்டிலேயே விட்டுவிட்டு வந்தாளாம் என்று பதில் கிடைத்தது. அவர் நம்பவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

மத்தியானம் என் போன் அடித்தது. வினுஷா. பின்னால் வாகனச் சத்தம்.

"அம்மா, எனக்குக் கிடைச்சிட்டுது! நேற்றுப் பின்னேரம். பெரிய பெண் மரை அம்மா." மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு குரல் மாறியது. "ஆனா இவைக்கெல்லாம் எப்பிடித் தெரியும்? இப்பத்தான் சிக்னல் வந்தது, போன் முழுக்கக் கொங்கிராட்ஸ். சிறி அங்கிள் வீட்டு அன்ரி போட்டிருக்கிறா, நல்லா நித்திரை கொள்ளுங்கோ மகள், உங்கட மரை இஞ்ச அடுப்பில எண்டு. என்னம்மா இது?"

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், வெட்கம் மறு பக்கம்.

"வீட்டை வா பிள்ளை. வந்தாப் பிறகு கதைப்பம்" என்றேன்.

பின்னேரம் பெக்கின் வாகனம் வந்து நின்றது. வினுஷா இறங்கினாள். முகமெல்லாம் சேறு, கைகளில் கீறல், கண் இரண்டும் சிரித்தன. துணிப் பைகளில் சுற்றிய தொடைகளும் முன்னங்கால்களும், ஐஸ் போட்ட எஸ்கிப் பெட்டி நிறைய இறைச்சியும். பெக்கும் அவளும் முதுகில் சுமந்து இரண்டு தடவை மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கராஜில் இறக்கி வைத்துவிட்டு பெக் என்னைக் கட்டிப்பிடித்து, உங்கள் மகள் கெட்டிக்காரி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னவர்களில் விசயம் தெரிந்து சொன்னவள் அவள் ஒருத்திதான்.

என் மனுசன் கராஜ் கதவடியில் நின்றார். அந்தத் தொடைகளைப் பார்த்த பார்வையில் பெருமையைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது.

வினுஷா உள்ளே வந்து அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்தாள். "இது என்ன இறைச்சி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டு ஈரலையும் விடவில்லை.

அவள் கரண்டியை மெதுவாக வைத்தாள். "நான் வருமட்டும் ஒரு நாள் பொறுக்க முடியேல்லையா அப்பா?"

"உன்ர மானத்தைத்தான் பிள்ளை காப்பாத்தினனான்."

"என்ர மானமா, உங்கட மானமா?"

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை ரெண்டாவது மரை எண்டு சொல்லுவம். அடுத்த மாசம் இன்னொரு பங்கு வைப்பம். ஒரே கிழமையில ரெண்டு எண்டா உனக்கு இன்னும் பெருமைதானே."

"இதுதான் என்ர முதல் மரை" என்றாள் வினுஷா. குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு முன்னால எனக்கு ஒண்டும் இல்ல."

போனை எடுத்தாள். பங்குக் குழுவில் ஒரு படம் போட்டாள். மாலை வெயிலில் மரை படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் வில்லோடு இவள் முழந்தாளிட்டு இருக்கிறாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. படத்தைப் பார்த்தால் உண்மை தானாக விளங்கும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

உண்மை விளங்கவில்லை. பொய்க்குத்தான் அத்தாட்சி கிடைத்தது. பன்னிரண்டு வீடும் படத்தை எடுத்து வைத்துக் கொண்டாடியது. இதைத்தானா நாங்கள் மத்தியானம் சாப்பிட்டோம் என்று ஒரே புகழ்ச்சி. "கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு, மச்சான் இன்னும் ஒரு பங்கு கிடைக்குமான்னு கேக்கிறாரு" என்று பழனிசாமி தம்பி எழுதினார். கடைசியில் சிறி அண்ணையும் வந்தார். "நித்தி, மன்னிச்சுக்கொள். ஈரலைப் பற்றி நான் கதைச்சது பிழை."

முப்பது வருசத்தில் சிறி அண்ணை கேட்ட முதல் மன்னிப்பு அது. என் மனுசன் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நான் கண்டேன்.

வினுஷா மறுபடி எழுதினாள். இது நேற்றுப் பின்னேரம் அடித்த மரை, இதில் ஒரு துண்டும் இன்னும் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை, காலையில் நீங்கள் கொண்டுபோனது கடை இறைச்சி, ஈரல் ஆட்டு ஈரல் என்று தெளிவாக, ஒளிவுமறைவில்லாமல்.

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. இவளுக்குத் தகப்பனைப்போலவே பகிடி என்று ஒருவர். ஈரல் கதைக்காக சிறியை வைத்து நல்ல அடி அடித்துவிட்டாள் என்று இன்னொருவர். சிறி அண்ணையே இரண்டு கும்பிடும் ஒரு சிரிப்பும் போட்டார்.

அவள் போனைக் கீழே வைத்தாள். தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் சொன்னா நம்பினம் இல்ல. நீங்கள் சொல்லுங்கோ. ஒரு வரி போதும்."

அவர் போனை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். சொல்லிவிடுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் என் போன் சத்தமிட்டது. திறந்து பார்த்தேன்.

மற்றவர்களின் சிரிப்பு முகங்களுக்குக் கீழே அவரும் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார்.

வினுஷா தன் போனில் அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அம்மா, பெரிய கத்தி எங்க?" என்று கேட்டாள்.

தொடைகளைக் கராஜ் கூரைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, மேசை போட்டு இருவருமாக மற்றதை வெட்டத் தொடங்கினோம். கறுத்த, இறுகின இறைச்சி. கத்திக்கு வேலை இருந்தது. வெட்டிக்கொண்டே சொன்னாள். காற்று முகத்துக்கு நேரே அடித்ததாம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நடந்தாளாம். ஓடைக்கரையில் குடை மாதிரி இலை விரித்த பன்ன மரம் ஒன்றுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது மரை தண்ணீருக்கு வந்ததாம்.

"முதல் தூரத்திலதான் நிண்டது. அப்பவே விட்டிருக்கலாம். நான் விடேல்ல. அது குடிச்சுக் குடிச்சு இஞ்சால வந்தது. நான் மெதுவா நாணை இழுத்தனான் அம்மா. கிட்ட வந்து அங்கால திரும்பிப் பார்த்தது. நாணை விட்டதே எனக்குத் தெரியேல்லை. கொஞ்சத் தூரம் ஓடிப்போய்ப் படுத்திட்டுது."

"பிறகு?"

"பிறகு பக்கத்தில இருந்து அழுதனான். அவ்வளவு பெரிய உயிர். பெக்கும் அழுதவள்."

நான் அவள் தலையைத் தடவினேன். என் கை முழுக்க இரத்தம் என்பது தடவிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் சிரித்தாள். அந்தக் கராஜில் எத்தனையோ ஆடு பங்கு போயிருக்கிறது, ஒரு ஆட்டைப் பற்றியும் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. அவள் தகப்பன் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவும் துக்கமாகவும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்கதவு திறந்தது. என் மனுசன் வந்து நின்றார். கையில் குசினியில் இருந்த பெரிய கிண்ணம். மத்தியானம் வயிறு முட்ட அந்தக் கடை மானைத்தான் சாப்பிட்டவர்.

"பிள்ளை, எனக்கும் ஒரு பங்கு தாவன்" என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

வினுஷா நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"பங்கு முடிஞ்சுது, அப்பா."

அவள் தலைக்கு மேலே இரண்டு பெரிய தொடைகள் வெட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை.